தனலெட்சுமி அடுக்கிய கல்

தனலெட்சுமி அமெரிக்காவுக்குப் போய்ப் பாறைச் சந்துக்குள் நடந்துவிட்டு வந்த கதை கிள்ளானில் இப்போதைக்கு நான்கு விதமாக உலவுகிறது. ஒன்றில் அவள் பாம்பைக் கொல்கிறாள். இன்னொன்றில் ஹெலிகாப்டர் வருகிறது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் சொல்வதில், தனலெட்சுமி இடுக்கில் மாட்டிக்கொண்டு, வெண்ணெய் தடவி வெளியே இழுத்தார்கள். அடுத்தவர் இடுப்பு விஷயத்தில் பவுனம்மாளுக்கு இரக்கமே கிடையாது. நான்காவது தனலெட்சுமியே சொல்வது. அதில் தப்பு செய்தவர் என்று ஒருவருமே இல்லை. உண்மையில் பாம்பும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை, வெண்ணெயும் இல்லை. தப்பு மட்டும் இருந்தது. நடந்ததைச் சொன்னாலே போதும், ஜோடிக்க வேண்டியதில்லை.

ஐம்பத்தெட்டு வயதுத் தனலெட்சுமிக்குத் தன் கால்கள்மேல் இருந்த நம்பிக்கை, நம்மில் சிலருக்குச் சாமிமேல்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பன்னிரண்டு பெண்களைத் திரட்டிக்கொண்டு புக்கிட் காசிங் குன்று ஏறுவாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். யாராவது உட்கார்ந்தால் விசில். யாராவது படமெடுத்தால் விசில். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுவது, அடியில் முள்ளு முள்ளாக இருக்கும், ஊரே கேலியாகக் ‘கம்பம் அடிடாஸ்’, அதாவது பட்டிக்காட்டு அடிடாஸ், என்று சொல்லும். இருநூறு வெள்ளிக்குச் சப்பாத்து வாங்கி வந்த சுபாங் ஜெயா நகரத்துப் பெண் ஒருத்தி ஈரப் பாறையில் வழுக்கி உட்கார்ந்த அன்று, தனலெட்சுமி விசில் ஊதவில்லை. தன் காலை மட்டும் சற்று முன்னே நீட்டி வைத்தாள். அவ்வளவுதான். அது போதும் அல்லவா?

அப்படிப்பட்டவளை எட்டு மாதமாக ஒரே ஒரு வார்த்தை தடுத்து நிறுத்தியிருந்தது.

ஒரே மகள் தாமரை சிப் தொழிற்சாலையில் பொறியாளர். கம்பெனி இரண்டு வருடத்துக்கு அரிசோனாவுக்கு அனுப்பியது. அங்கே அதே தொழிற்சாலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் முத்தையா. கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் ரயிலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்தெட்டு வருடம் சந்திக்காத இருவரும் பூமியின் மறுபக்கம் போய்ச் சந்தித்துக் கல்யாணம் வரை வந்துவிட்டார்கள். தனலெட்சுமிக்குச் சம்மதம். அவள் புருஷன், லோரிக்காரர் அய்யாவுக்கும் சம்மதம். மனைவி சம்மதித்த பிறகு அவர் எதற்கும் மறுத்ததில்லை. முத்தையாவின் அப்பா மீனாட்சிசுந்தரம், “ஆச்சி சொன்னா சரி” என்று ஒதுங்கிக்கொண்டார்.

பாக்கி இருந்தது அந்த ஆச்சி. முத்தையாவின் அம்மா காமாட்சி ஆச்சி, செட்டியார் வீட்டுப் பெண்மணி. அவர்களுக்கு ஒன்பது கோயில். அந்த ஒன்பதுக்குள் பார்த்துக் கட்டினால்தான் புதுத் தம்பதியைக் கோயிலில் ஒரு குடும்பமாக எண்ணிக்கொள்வார்கள். வெளியே கட்டினால் பையன் பெயர் அந்த வரிசையில் சேராது. ஆச்சி இதை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. முடியாது என்றும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பார், சீடை கொடுப்பார், வாசல்வரை வந்து வழியனுப்புவார், லிப்ட் கதவு மூடுகிற நேரமாகப் பார்த்து “பார்ப்போம்” என்பார்.

எட்டு மாதம். பதினொரு காபி. பதினொரு ‘பார்ப்போம்’.

கடைசியில் பிள்ளைகள்தான் ஒரு யோசனை செய்தார்கள். இரண்டு அம்மாக்களையும் வரவழைத்து, ஒரே காரில் போட்டுப் பத்து நாள் பாலைவனத்தைச் சுற்றிக் காட்டினால் பழகிவிடுவார்கள் என்று. பாவம், பொறியாளர்கள், எதையும் சூடுபண்ணினால் ஒட்டும் என்று நினைக்கிறவர்கள். தனலெட்சுமியோ புறப்படும் முன்பே நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டாள்: “பத்து நாள்ல ஆச்சி வாயால சரின்னு வாங்கிட்டு வரேன். சேலைய எடுத்து வைங்க.” பவுனம்மாள் கைதட்டும் படம் ஒன்று போட்டாள். அதை எந்த அர்த்தத்தில் போட்டாள் என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம்.

ஏழு நாள் காரில் போனது. தனலெட்சுமி முன்சீட்டில், ஆச்சி பின்சீட்டில். தனலெட்சுமி தாமரையின் படிப்பைச் சொன்னாள், சமையலைச் சொன்னாள், ஏழு வயதில் தேவாரம் பாடிக் கோப்பை வாங்கியதைச் சொன்னாள். ஆச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஹோட்டல் அறையில் தனலெட்சுமி நெத்திலிச் சம்பல் டப்பாவைத் திறந்தபோது ஆச்சி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். தனலெட்சுமி அதை நல்ல சகுனம் என்று குழுவுக்கு எழுதினாள். எட்டாம் நாள் காலை சாப்பாட்டு மேசையில் நேராகவே கேட்டாள்.

“ஆச்சி, நாளை மறுநாள் பிளைட். பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நல்லா இருக்கும்லா.”

ஆச்சி ரொட்டியில் ஜாம் தடவியபடி அவள் காலைப் பார்த்தார். “இன்னிக்கும் இந்தச் சப்பாத்தா தாமரை அம்மா? ரப்பர் தோட்டத்துக்குப் போறவங்க மாதிரி இருக்கு.”

“தோட்டத்து ஆளுங்கதான் ஆச்சி நாங்க. கால் பழகினது மாறாது.”

“பார்ப்போம்” என்றார் ஆச்சி. எதைப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பாறைச் சந்து. போகும் வழியில் காரில் முத்தையா எல்லாம் விளக்கினான். ஐம்பது மைல் சுற்றளவில் மழை இல்லை, பார்த்துவிட்டேன். மழை வந்தால் உள்ளே வெள்ளம் வரும். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். போன் லைன் கிடைக்காது. “முக்கியமா, போற வழியில அங்கங்க சின்னதா கல் அடுக்கி வச்சிருப்பாங்க. அதான் வழி. கல் இருக்கற பக்கமே போகணும். கிளைச் சந்தெல்லாம் பாதியில முட்டிக்கும்.”

இதைக் கேட்க வேண்டியவள் அப்போது ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிக் குழுவுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். “இங்க பாருங்க, ஒரு மரம் இல்ல, ஒரு கடை இல்ல, மனுசன் எப்படி இருக்கான்னு தெரியல…” முத்தையாவின் குரல் பின்னால் வானொலிபோல ஓடியது. எச்சரிக்கை கொடுத்துப் பழகியவர்களுக்கு எச்சரிக்கை காதில் ஏறுவதில்லை. தலைவர்களுக்கெல்லாம் இருக்கும் வியாதிதான்.

இரண்டு கடைவீடுகளுக்கு நடுவில் பூனையும் குப்பைத்தொட்டியும் இருக்கும் இடுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் உண்டல்லவா? அதை ஒன்றரை மைலுக்கு நீட்டி, இருபுறமும் பத்து மாடி உயர்த்தி, சுவருக்குக் காவி பூசி, ஈரமாக இருக்கும்போதே யாரோ கையால் வழித்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உள்ளே. தரை மணல். சில இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், சில இடத்தில் ஒருவரே ஒருச்சாய்ந்துதான் போகலாம். வெளியே கொளுத்திய வெயிலுக்கு உள்ளே கோயில் பிரகாரம்போலக் குளுமை.

தனலெட்சுமி முதலில் புகுந்தாள். அடுத்து ஆச்சி. பிள்ளைகள் பின்னால்; அவர்களுக்கு ஒவ்வொரு வளைவிலும் எடுக்கப் படம் இருந்தது, ஒவ்வொரு படத்துக்கும் ஒட்டி நிற்கக் காரணமும் இருந்தது. நாம் அதையெல்லாம் பார்க்கவில்லை.

முதல் வளைவில் தனலெட்சுமி ஒரு கல் அடுக்கைப் பார்த்தாள். மூன்று தட்டைக் கல், ஒன்றன்மேல் ஒன்று. அடுத்த வளைவில் இன்னொன்று. “அட!” என்றாள் தனக்குத்தானே.

போன வருடம் தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போனாளே, அங்கே ஒரு மலைக்கோயிலில் படியோரம் முழுக்க இப்படித்தான். வீடு வேண்டுகிறவர்கள், வரன் வேண்டுகிறவர்கள் கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள். மகளுக்கு வெளிநாட்டு வேலை வேண்டும் என்று அவளும் ஐந்து கல் அடுக்கினாள். இரண்டே மாதத்தில் அரிசோனா கடிதம் வந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ‘வெள்ளைக்காரனுக்கு மட்டும் வேண்டுதல் இருக்காதா என்ன? அவனுக்கும் பிள்ளைகுட்டி, வீடு, வாசல்’ என்று நினைத்தாள். எட்டாம் நாள் இப்படி ஒன்று கண்ணில் படுகிறதென்றால் அது சும்மாவா?

நடுப்பாதையில் வைத்தால் யார் காலாவது இடறும். தனலெட்சுமி யோசனையுள்ளவள். கொஞ்ச தூரத்தில் இடதுபுறம் ஒரு கிளைச் சந்து பிரிந்தது. குறுகலாக, இருட்டாக, யாரும் போகாத இடமாகத் தெரிந்தது. அதன் வாயில், வாகாக ஒரு மேடை. சுற்றிக் கிடந்ததில் நல்ல தட்டைக் கல்லாக ஏழு பொறுக்கி அடுக்கினாள். மற்றவர்கள் மூன்று வைத்த இடத்தில் அவள் ஏழு. கை வைத்தால் முழுதாகச் செய்கிறவள். கண்ணை மூடி, “முருகா, ஆச்சி வாயில அந்த ஒரு வார்த்தை வந்துரணும்” என்றாள். வந்த வேலை முடிந்த நிம்மதியில் விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

சந்தின் முடிவில் குளம்போல வட்டமாகத் திறந்த ஒரு வெளி, நடுவில் வெயில். தனலெட்சுமி பாறைமேல் உட்கார்ந்து சப்பாத்திலிருந்த மணலைத் தட்டினாள். அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகள், வழியில் எதையும் கவனிக்காமல் ஒருவரையொருவர் பார்த்தபடி வந்தார்கள். அவளைக் கண்டதும் இரண்டு கைகள் சட்டென்று பிரிந்தன.

“அம்மா எங்க ஆன்டி?” என்றான் முத்தையா.

“உங்ககூடத்தானே வராங்க?”

“இல்லையே. நாங்க படம் எடுக்கறதப் பார்த்துட்டு, ‘நீங்க வந்து சேருங்க, தாமரை அம்மா விசில் ஊதறதுக்குள்ள நான் போறேன்’னு முன்னால போயிட்டாங்க. கல் அடுக்கியிருக்கற பக்கமே போங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.”

“எந்தக் கல்லு?”

“அதான் ஆன்டி, கார்ல சொன்னேனே. கல் அடுக்கியிருந்தா அதான் வழி. கிளைச் சந்துக்குள்ள போகாம இருக்க…”

தனலெட்சுமி பாறையைவிட்டு எழுந்தாள்.

“தாமரை” என்றாள் மெதுவாக. “நான் ஒண்ணு வச்சேன்.”

“என்ன வச்சீங்க?”

“கல்லு. ஏழு. வேண்டிக்கிட்டு.”

“எங்க வச்சீங்கம்மா?”

தனலெட்சுமி சொன்னாள். தாமரை நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அலாமாக்! அது வழி காட்டுற கல்லும்மா! சாமிக் கல் இல்ல!”

“எனக்கென்ன தெரியும்? போர்டு எழுதி வைக்க மாட்டானா?”

மூவரும் வந்த வழியே ஓடினார்கள். ஏழு கல் அடுக்கு கிளைச் சந்தின் வாயில் கம்பீரமாக நின்றது. அந்த ஒன்றரை மைலில் அதைவிட நம்பிக்கையான வழிகாட்டி வேறில்லை. மணலில் புதுச் சப்பாத்தின் தடம் உள்ளே போயிருந்தது, திரும்பி வரவில்லை.

முத்தையா “அம்மா!” என்று கத்தினான். உள்ளேயிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் பேசினால் வருமே அப்படி ஒரு குரல் வந்தது: “கத்தாதே. இங்கதான் இருக்கேன்.”

அவன் பாய்ந்து புகுந்தான். பத்தடியில் நின்றுவிட்டான். அமெரிக்கா அவனுக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருந்தது. தோள் ஒரு சுவரிலும் வயிறு மறு சுவரிலும் உட்கார்ந்துவிட்டன. தாமரை அவன் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். பவுனம்மாளுடைய வெண்ணெய்க்கு மூலம் இதுதான். ஆள் மட்டும் மாறிவிட்டது.

“நான் போறேன்” என்றாள் தாமரை.

தனலெட்சுமி மகளின் பையைப் பிடித்து நிறுத்தினாள். “நீ போகாதே. நாளைக்கு மருமகளா வர்றவ கையப் பிடிச்சு மாமியார் வெளிய வந்தா, அந்தம்மாவுக்கு அது ஆயுசுக்கும் குத்தும். நான் வச்ச கல்லு. நான் போறேன்.”

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஒருச்சாய்ந்து புகுந்துவிட்டாள்.

உள்ளே போகப் போகச் சந்து ஒடுங்கியது. ஓரிடத்தில் மூச்சை உள்ளிழுத்துத்தான் தாண்ட முடிந்தது. பயம் அவளுக்குப் பாறைமேல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள், அடுத்த அடியில் அதைத் தூக்கிப் போட்டாள். நூற்றைம்பது அடி போயிருப்பாள். தரை திடீரென்று கீழே விழுந்தது. இரண்டு சுவருக்கும் நடுவில் செருகிக் கிடந்த ஒரு பெரிய உருண்டைப் பாறை. அதற்குக் கீழே ஆள் உயரப் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் சுவர், முட்டுச் சந்து. பள்ளத்தின் மணலில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு முன்வரிசையில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் காமாட்சி ஆச்சி. சீடை தின்றுகொண்டிருந்தார்.

“வாங்க” என்றார். “விசில் சத்தம் கேட்டுச்சு. சரி, போலீஸ் வந்தாச்சுன்னு நினைச்சேன்.”

“அடி பட்டுச்சா ஆச்சி?”

“சறுக்கிட்டேன். முழங்கை உரசிருச்சு. ஏறத்தான் முடியல. இந்தச் சப்பாத்து நானூறு வெள்ளி, வழவழன்னு வழுக்குது.”

தனலெட்சுமி முதுகை ஒரு சுவரில் சாய்த்து, எதிர்ச் சுவரில் காலை ஊன்றி, ரப்பர் சப்பாத்து பாறையைக் கவ்வக் கவ்வ இறங்கினாள். ஆச்சி அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். கீழே வந்து நின்றவளின் கையைத் தானாகவே பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது. உட்கார்ந்திருந்த தோரணைக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமில்லை.

“எவனோ ஒரு கூறுகெட்டவன் தப்பான பக்கம் கல்ல அடுக்கி வச்சிருக்கான் தாமரை அம்மா. வெளிய போனதும் இவங்க ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும்.” பிடித்த கையை விடவில்லை. “நீங்க தேடி வந்தீங்க பாருங்க, அத நான் மறக்க மாட்டேன். ஊருக்குப் போனதும் ஒரு நல்ல நாள் பார்ப்போம். உட்கார்ந்து பேசலாம்.”

இதோ. பதினொரு காபிக்கும் வராதது. ‘பார்ப்போம்’ என்ற அதே வார்த்தைதான், ஆனால் முன்னால் ‘நல்ல நாள்’ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குழுவில் போடலாம். பவுனம்மாள் வாயை அடைக்கலாம். தனலெட்சுமி செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒன்றுதான். நமக்குத் தெரிந்து ஐம்பத்தெட்டு வருடத்தில் அவள் செய்யாத ஒரே வேலையும் அதுதான். ஆனால் அன்றைக்கு அவள் வாயைத் திறந்தது பழக்கத்தால் அல்ல. அந்த ஜில்லிட்ட கை இன்னும் அவள் கையில் இருந்தது. இந்தக் கையைத் தினம் பார்க்க வேண்டும், பேரன் பேத்திக்கு மொட்டை போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்தக் கூறுகெட்டவனை இவர் திட்டும்போது தானும் சேர்ந்து திட்ட வேண்டும். முடியுமா?

“எழுதிக் கொடுக்கறதுன்னா என் பேரத்தான் எழுதணும் ஆச்சி” என்றாள். “அந்தக் கூறுகெட்டவ நான்தான்.”

சொல்லி முடித்தாள். மலைக்கோயில், ஐந்து கல், அரிசோனா கடிதம், ஏழு கல் எல்லாம். ஆச்சி கையை எடுத்துக்கொண்டார். சீடைப் பொட்டலத்தை முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்தார்.

“என் சம்மதம் வேணும்னு வேண்டி, என்னையே குழிக்குள்ள தள்ளியிருக்கீங்க.”

“தள்ளல ஆச்சி…”

“முத்தையா கார்ல சொன்னானா இல்லையா?”

“சொன்னான். நான் கேக்கல.”

“எப்ப கேட்டிருக்கீங்க? ஏழு நாளா நீங்க மட்டும்தான் பேசறீங்க. அந்தப் பொண்ணு தேவாரம் பாடினதே மூணு தடவ சொல்லியாச்சு.” ஆச்சியின் குரல் உயரவில்லை, அதுதான் தனலெட்சுமிக்குப் பயமாக இருந்தது. “நான் சொன்ன நல்ல நாள மறந்துருங்க.”

தனலெட்சுமி தலையைக் குனிந்தாள். குனிந்தபோதுதான் ஆச்சிக்குப் பின்னால், மூலையில், அதைப் பார்த்தாள். பாறையிலிருந்து பெயர்ந்து விழுந்த பலகைக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்த்தியாக, ஒல்லியாக. எண்ணினாள். ஒன்பது.

“அது என்ன ஆச்சி?”

“எது?”

“பின்னால.”

“சும்மா. பொழுது போகல.” ஆச்சி சேலை இல்லாத தோளில் முந்தானையை இழுத்துவிடக் கையைக் கொண்டுபோய், சுடிதார் என்பது நினைவுக்கு வந்து கீழே இறக்கினார்.

“ஒன்பது கல்லு சும்மாவா?”

ஆச்சி கைப்பையை ஒரு தடவை திறந்து மூடினார். மேலே எங்கோ ஒரு காக்கை கத்தியது.

“நானும் அந்த மலைக்குப் போயிருக்கேன்” என்றார் கடைசியில். “எனக்கும் தெரியும். உங்க ஏழு கல்லப் பார்த்தப்ப வழிக் கல்லுன்னுதான் நினைச்சேன். இங்க வந்து விழுந்து உட்கார்ந்ததும், சரி, இருக்கற நேரத்துக்கு ஒண்ணு வேண்டிக்குவோம்னு தோணுச்சு. முத்தையாவுக்கு எங்க ஒன்பது கோயிலுக்குள்ளயே ஒரு பொண்ணு அமையணும்னு.”

தனலெட்சுமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அடக்கப் பார்த்தாள், சந்து அதைப் பிடித்து மூன்று தடவை திருப்பி எறிந்தது.

“எதுக்குச் சிரிக்கறீங்க?”

“முருகன் பாவம் ஆச்சி. ஒரே சந்துல இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.”

ஆச்சியின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டார். “முதல்ல மேல போற வழியப் பாருங்க.”

தனலெட்சுமி பார்த்தாள். தான் ஏறிவிடலாம். ஆச்சிக்கு முழங்கால் உயரத்துக்கு ஒரு படி வேண்டும். அது இருந்தால் மேலிருந்து கை கொடுத்துத் தூக்கிவிடலாம். அவள் யோசிக்கவே இல்லை. உருண்டைப் பாறைக்குக் கீழே மணலில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்தாள்.

“முதுகுல கால வச்சு ஏறுங்க ஆச்சி. விளிம்பப் பிடிச்சுக்கிட்டு எம்புனா போதும்.”

ஆச்சி இரண்டடி பின்வாங்கினார். “என்ன பேசறீங்க? உங்க மேல கால் வைக்கறதா? பாவம் இல்லையா?”

“என்ன பாவம்? சம்பந்திமேலதான் கால் படக்கூடாது. நான் உங்களுக்கு என்ன முறை?” தனலெட்சுமி குனிந்தபடியே மணலைப் பார்த்துப் பேசினாள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வந்தது. “ஒரு முறையும் இல்ல. கூட பஸ்ல வந்த ஆளு மாதிரி. தாராளமா மிதிச்சு ஏறுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

ஆச்சி அந்த முதுகைப் பார்த்தார். வியர்வையில் நனைந்த டீசட்டை, அதில் கிள்ளான் ஞாயிறு நடைக்குழு என்று அச்சடித்திருந்தது. ஒரு காலைத் தூக்கினார். தூக்கியது தூக்கியபடி நின்றார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

“எந்திரிங்க” என்றார்.

“நேரமாகுது ஆச்சி, பிள்ளைங்க பயந்துரும்…”

“எந்திரிங்கன்னு சொல்றேன்ல.”

அந்தப் பள்ளத்தில் படிக்கு வேறு வழி ஒன்றுதான் இருந்தது. தரையெல்லாம் மணல், கல் என்று இருந்தவை அந்த ஒன்பதுதான். தனலெட்சுமிக்கும் அது தெரியும், முன்பே தெரியும். ஆனால் அடுத்தவர் வேண்டுதலில் கை வைக்கிற அளவுக்கு அவள் துணிந்தவள் இல்லை; வேண்டுதலைக் கலைத்தால் அது போச்சு என்பது அவளுக்குத் தெரியாததா?

ஆச்சி மூலைக்குப் போனார். மேல் கல்லை எடுத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்தார், எடை பார்ப்பதுபோல. பிறகு கொண்டுவந்து பாறையடியில் போட்டார். அடுத்ததை எடுத்தார். தனலெட்சுமி உதவப் போனபோது, “நான் வச்சது, நானே எடுத்துக்கறேன்” என்றார். ஐந்தைப் பரப்பிக் கீழ்ப்படி, நான்கை அதன்மேல் வைத்து மேற்படி. கடைசிக் கல்லை வைத்ததும் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“ஏறுங்க முன்னால” என்றார்.

தனலெட்சுமி ஏறினாள். மேலே குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். ஆச்சி படியில் நின்று அந்தக் கையைப் பார்த்துச் சொன்னார்: “ஒண்ணு சொல்லிடறேன். கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸ்லதான்.”

தனலெட்சுமியின் கை அந்தரத்தில் நின்றது. நெஞ்சு நிறைந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

“பொண்ணு வீடு கிள்ளான் ஆச்சி. கல்யாணம் பொண்ணு வீட்டுப் பக்கம்தானே வழக்கம்?”

“கிள்ளானுக்கு எங்க ஆளுங்க வர மாட்டாங்க. அவ்வளவு தூரம்.”

“அரிசோனாவுக்கு வந்திருக்கீங்க!”

“அது வேற. மொதல்ல தூக்குங்க.”

தூக்கினாள். ஆச்சி முழங்காலை ஊன்றி, மூச்சிரைக்க விளிம்பைத் தாண்டி வந்து, எழுந்து நிற்கும் முன்பே தொடர்ந்தார்: “சாப்பாடு எங்க சமையல்காரர்தான்.”

“காலைப் பலகாரம் உங்க ஆளு. மதியச் சாப்பாடு எங்க ஆளு.”

“ரெண்டு ஆள் வச்சா சமையல்கட்டுல சண்டை வரும் தாமரை அம்மா.”

“வரட்டுமே. சண்டை இல்லாத கல்யாணத்துல சாப்பாடு ருசிக்காது.”

ஒருச்சாய்ந்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. ஆச்சி முன்னால், தனலெட்சுமி பின்னால். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததும் பேச்சுக்கு வசதியாகத்தான் இருந்தது. நாதஸ்வரம் எந்த ஊர், எத்தனை பேருக்குச் சாப்பாடு, மண்டபத்தில் ஏர்கோன் உண்டா, கார் நிறுத்த இடம் எந்த ஊரில் குறைவு என்பதெல்லாம் இரண்டு சுவரிலும் மோதி, ஒன்றுக்கு நான்காகப் பெருகி, அவர்களுக்கு முன்னால் வெளியே ஓடியது.

கிளைச் சந்தின் வாயில் நின்ற முத்தையா வெளிறிப்போனான். “சண்டை போடறாங்க. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது.”

தாமரை சந்துக்குள் தலையை நீட்டிக் காதைக் கொடுத்தாள். “எண்ணூறு பேருக்குக் குறைச்சுப் பத்திரிகை அடிச்சா எங்க ஊர்ல மானம் போயிரும் ஆச்சி!” என்று அவள் அம்மாவின் குரல் வந்தது. “அறுநூறுக்கு மேல ஒரு ஆளு கிடையாது!” என்று அவன் அம்மாவின் குரல் வந்தது.

“கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடு” என்றாள் தாமரை. “எந்த மாசம்னு அப்புறம் கேட்டுச் சொல்றேன்.”